லேவியராகமத்துல அச்சு முறிஞ்ச வண்டி

வாலே எய்யா, வா. இந்த வேப்பமரத்து நெழலுக்கு வா. அது என்ன கையில, மஞ்ச, பச்ச, ரோஸுன்னு நாலு பேனா? வேதப்புஸ்தகத்துல கோடு போடவா? நல்லதாப் போச்சு. அசனத்துக்குத் தோரணம் கெட்ட ஆள் கெடைக்காம அலையுதோம். ஒன் பைபிளையே கயித்துல கோத்துத் தொங்கவிட்டுரலாம் போல இருக்கு.

உங்கம்மை போன்ல எல்லாம் சொன்னா. ஒரே வருஷத்துல வேதத்தை முடிச்சிருதேன்னு ஜனவரி ஒண்ணாந்தேதி சபதம் போட்டியாமே. நானும் கணக்குப் போட்டுப் பாத்தேன். அஞ்சாங்கிளாஸுன்னாலும் கணக்குல நான் கெட்டி. மொத்தம் 1,189 அதிகாரம், 365 நாள். நாளைக்கு மூணேகாலும் கொஞ்சமும் வருது. இப்ப மே மாசம். நீ எங்க நிக்கே? லேவியராகமம் மூணாம் அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இதுல 3, ஆகக்கூடி 93. அப்படின்னா ஜனவரி 29-ந் தேதியே வண்டி அச்சு முறிஞ்சு ரோட்டோரம் கெடந்திருக்கு. மிச்ச நாளெல்லாம் பேனாதான் வாங்கியிருக்கே.

மூணாம் அதிகாரத்துல என்ன வருதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? கொழுப்பும் குண்டிக்காயும். ஞாயித்துக்கிழமை கறிக்கடையில நின்னு ஈரல் எங்க, குண்டிக்காய் எங்கன்னு சண்டை போட்டு வாங்குறவன், அதையே வேதத்துல பாத்ததும் ஓடிட்டியே.

வெக்கப்படாதே. பெரிய ஆளுகளும் நடுவழியில நின்னிருக்காவ. தரங்கம்பாடிக்கு 1706-ல வந்தாரே சீகன்பால்கு ஐயரு, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பொடியன்களோட உக்காந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்ச ஜெர்மன்காரரு. புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல முடிச்சு 1715-க்குள்ள அச்சும் போட்டுட்டாரு. பழைய ஏற்பாட்டுல ரூத்து வரைக்கும் வந்து நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சு? 1719-ல ஆளு செத்துப்போனாரு, வயசு 36. அவரு நின்னதுக்கு ஒரு முகாந்தரம் இருக்கு. ஒனக்கு என்ன இருக்கு, கிரிக்கெட்டா?

ஒனக்கு வேதம் படிக்கத் தெரியலன்னு சொல்லமாட்டேன். பாளை சீவத் தெரியல, அம்புட்டுதான். நான் பனையேறுன காலத்துல மொதல்ல பாளையை இடுக்கி நசுக்கி விட்டுட்டுக் காத்திருக்கணும். சில நாளைக்குச் சொட்டுக்கூட வராது. அப்புறம் காலையிலயும் சாயங்காலமும் ஏறி, வெத்தலை கனத்துக்கு ஒரு சீவு. அருவாளை அழுத்தவே கூடாது. ஆசைப்பட்டு ரெண்டு வெரக்கடை வெட்டிப் போட்டேன்னு வை, பதனி கூடாது, பாளைதான் கொறையும். ஒன் மூணேகால் அதிகாரம் வெட்டுலே, சீவல் இல்ல.

சரி, வருஷப் பிறப்பு ராத்திரி கோயில்ல வாக்குத்தத்த அட்டை எடுத்தியே, என்ன வந்துச்சு? எரேமியா 29:11-தான? போன வருஷமும் ஒனக்கு அதான், அதுக்கு முந்தின வருஷம் ஒங்கப்பனுக்கும் அதான். முப்பது வருஷம் கோயில்குட்டியா இருந்து அந்தத் தட்டை அடுக்குனது நான்லா. யோபுக்கு வந்த பரு யாருக்கும் வராது. எரேமியாவைத் தூக்கிப் போட்டாவளே உளைக் கெணறு, அதுவும் யாருக்கும் வராது. வீடு, வாசல், ஆசீர்வாதம் மட்டும்தான் அச்சடிச்சு வரும்.

ஒரு வருஷம் எனக்குக் கை சும்மா இருக்கல. வெள்ளை அட்டையில ‘ஆமோஸ் 5:21’னு எண்ணை மட்டும் எழுதி நடுவுல சொருகி வச்சேன். அது போய் ஒரு கமிட்டி மெம்பர் கையில சிக்கிச்சு. ஆளு பேரு வேண்டாம், அவரு பேரன் ஒன்கூடப் படிச்சவன். அட்டையைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, கூரை அதிர ‘ஸ்தோத்திரம்’னாரு. வீட்டுல போய்ப் புரட்டிப் பாத்தா, ஒங்க பண்டிகையே எனக்கு ஆகாது, பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கன்னு ஆண்டவர் வைதுகிட்டு இருக்காரு. விடியுமுன்ன என் வாசல்ல வந்து நிக்காரு, ‘இது யாரு வேலை?’ன்னு. ‘ஆவியானவர் நடத்துதல்தான் ஐயா, வேற யாரு?’ன்னேன். அடுத்த வருஷம் தட்டை அடுக்க வேற ஆளைப் போட்டுட்டாவ.

அந்த எரேமியா 29:11 இருக்கே, அது ஒனக்கு வந்த கடுதாசி இல்ல. பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுட்டுப் போன சனத்துக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதி விட்டது. அடுத்தவன் கடுதாசியில ஒரு வரியை மட்டும் கத்திரிச்சுக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கோம். நேர் முந்தின வசனத்தைப் பாரு. எழுபது வருஷம் கழிச்சுத்தான் ஊருக்குத் திரும்பலாம்னு இருக்கு. அதை வாங்கி வாசிச்ச பெரிய மனுஷர்ல அனேகம் பேரு ஊரு திரும்பாமலே மண்ணுக்குப் போயிருப்பாவ. அதான் அங்கனயே வீட்டைக் கெட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணத்தை முடி, ஒன்னைச் சிறைபிடிச்ச பட்டணம் நல்லாருக்கணும்னு செபம் பண்ணுன்னு எழுதுதாரு. ஃப்ரேமுக்குள்ள அது வரலல்லா?

இன்னும் ஒரு அதிகாரம் பின்னால போ. 28-ல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி. ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துரும்னு சொல்லுதான். எரேமியா கழுத்துல கெடந்த நுகத்தைப் புடுங்கி, எல்லாரும் பாக்க ஒடச்சும் போடுதான். கூட்டம் யாரு பக்கம் சாஞ்சிருக்கும்னு நெனைக்கே? இந்தக் காலமா இருந்தா டிவியில காலையில அரைமணி நேரம் அவனுக்குத்தான். அந்த வருஷமே அனனியா செத்துப்போனான். அவனுக்குன்னு வாக்குத்தத்த அட்டை ஒண்ணும் அடிக்கலை, ஆனா தட்டுல இருக்கிற முக்காவாசியும் அவன் கம்பெனிச் சரக்கு மாதிரிதான் எனக்குத் தெரியுது.

தனி வசனம் புடுங்குறதுல பெரிய கை யாருன்னு நெனைக்கே? பிசாசு. ஆண்டவரைத் தேவாலயத்து உச்சியில நிறுத்திக் குதி, தூதர்மாரு தாங்கிக்கிடுவாவன்னு 91-ம் சங்கீதத்தை ஒப்பிச்சான்லா. எடுத்தது 11-ம் 12-ம். 13-ஐத் தொடவே இல்ல. அதுல சிங்கத்தையும் பாம்பையும் மிதிக்கிற சேதி வருது. தன் தலையில கால் வைக்கிற எடத்துக்கு ஒரு வசனம் முன்னால வாயை மூடிக்கிட்டான். மனப்பாட வசனப் போட்டி வச்சா அவனுக்குத்தான் மொதப் பரிசு.

காலையில என்ன சொன்னே? ‘இயேசு போதும் தாத்தா, இந்தத் திரித்துவம், விசுவாசப்பிரமாணம் எல்லாம் மனுஷன் கட்டுனது’ன்னே. கலயத்துல சுண்ணாம்பு தடவுறதுகூட மனுஷன் வேலைதான். பதனி மரம் தருது, சுண்ணாம்பு நம்ம கையி. தடவாம கட்டிப் பாரு, விடியுமுன்ன கள்ளாயிரும். குடிச்சவன் வாய்க்கு வந்ததையெல்லாம் வெளிப்பாடும்பான். அதுக்காக அரைக் கலயம் சுண்ணாம்பை அப்பி வச்சா வாய் வெந்துபோவும். அப்படியும் நாலு பேரு நம்ம சேகரத்துல இருக்காவ. அவியகிட்ட உபதேசம் பேசிட்டு வந்தா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது.

திரித்துவத்துக்கு ஒனக்கு ஓய்வுநாள் பள்ளியில என்ன சொல்லிக் குடுத்தாவ? தண்ணி, ஐஸு, ஆவி. ஒரே பொருளு, மூணு கோலம். அப்ப யோர்தான்ல என்ன செய்வே? குமாரன் ஆத்துல நனைஞ்சுகிட்டு நிக்காரு, ஆவியானவர் புறா மாதிரி எறங்குதாரு, பிதா சத்தம் வானத்துல இருந்து கேக்கு. மூணும் ஒரே நேரத்துல. ஐஸு உருகட்டும், தண்ணி கொதிக்கட்டும்னு கரையில காத்துக்கிட்டு நிப்பியா? மூணாம் நூத்தாண்டுலயே சபெல்லியுஸ்னு ஒருத்தர் இதே தடத்துல போயி, சபை அவரை வெளிய நிறுத்திட்டு.

நானும் ஒண்ணும் கொறஞ்சவன் இல்ல. பனைவிளையில பொடியன்களை உக்கார வச்சு, நொங்குக் காயை வெட்டிக் காட்டி, ‘ஒரு காயி, மூணு கண்ணு, இதான்லே திரித்துவம்’னு பிரசங்கம் பண்ணுனேன். முன்னால இருந்த ஒருத்தன் பெருவிரலை விட்டு ஒரு கண்ணை நோண்டித் தின்னுட்டு, ‘இப்ப ரெண்டுதான தாத்தா இருக்கு?’ன்னான். எனக்கு வாயடைச்சுப் போச்சு. பிதா முழுக் கடவுள், குமாரன் முழுக் கடவுள், ஆவியானவரும் முழுக் கடவுள். யாரும் மூணுல ஒரு பங்கு இல்ல. ஆனா கடவுள் ஒருத்தர்தான். அதுக்குத் தோதா ஒரு சாமான் இந்தத் தேரிக்காட்டுலயும் இல்ல, ஒங்க மெட்ராஸ்லயும் இல்ல. அன்னையில இருந்து நொங்கைத் திங்க மட்டும் வச்சுக்கிட்டேன்.

325-ல நிசேயாவுல பிஷப்மாரு கூடுனதும் இந்த வழக்குக்குத்தான். அந்த ஊரு இப்ப துருக்கியில இருக்கு. அலெக்சாந்திரியாவுல ஆரியுஸ்னு ஒரு குருவானவரு. குமாரன் ரொம்ப ஒசத்திதான், ஆனா அவரும் படைக்கப்பட்டவர்தான்னுட்டாரு. அதைப் பாட்டாவும் கட்டி, கப்பக்காரன், மாவரைக்கிறவன் வாயில எல்லாம் போட்டுவிட்டாராம். மெட்டு நல்லாருந்தா சனம் பொருளையா பாக்கும்? நம்ம கோயில் கிட்டார் பார்ட்டியைக் கேட்டுப் பாரு. கூடுனவங்க, குமாரனும் பிதாவும் ஒரே தன்மைன்னு எழுதி வச்சாவ. வழக்கு அதோட தீரல. பின்னால ஒரு கூட்டம் வந்து, ‘ஒரே’ வேண்டாம், ‘ஒத்த’ன்னு வைப்போம்னுச்சு. கிரேக்கத்துல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம்.

ஒரு எழுத்துக்கு இம்புட்டுச் சண்டையான்னு சிரிக்கியே, நீ மெட்ராஸ்ல இருந்து ஒரு கருப்பட்டி வாங்கியாந்தியே, ஒங்க பாட்டி நாக்குல வச்சதும் என்ன செஞ்சா? த்தூன்னு துப்புனா. சீனிப்பாகு. கருப்பட்டியும் கருப்பட்டி மாதிரியும் ஒண்ணாலே? அந்த ‘மாதிரி’ ஆகாதுன்னுதான் அத்தனாசியுஸ் மல்லுக்கு நின்னாரு. பிஷப்பு வேலையில இருந்த ஆளை அஞ்சு தடவை நாடு கடத்துனாவ. புதிய ஏற்பாட்டு 27 புஸ்தகத்தையும் நம்ம கையில இருக்கிறபடியே கணக்கெடுத்து 367-ல கடுதாசி எழுதுனவரும் அவருதான். மல்லு எதுக்குன்னா, கெணத்துக்குள்ள கெடக்கிறவன் இன்னொருத்தனைத் தூக்கி விட முடியாதுல்லா. கரையில நிக்கிறவன் எறங்கி வந்தாத்தான் உண்டு. வந்தவரு கரையைச் சேர்ந்தவரா, அவரும் கெணத்து ஆளான்னு தெரிய வேண்டாமா?

விசுவாசப்பிரமாணத்துல ஆண்டவரை விட்டா மனுஷர் பேரு ரெண்டுதான் வருது, கவனிச்சியா? ஒண்ணு பெத்த தாய். இன்னொண்ணு கையைக் கழுவுன அதிகாரி, பொந்தியு பிலாத்து. பேதுரு இல்ல, பவுல் இல்ல. வாரம் தவறாம எழுந்து நின்னு ஒரு ரோமாபுரிக் கலெக்டர் பேரைச் சொல்லுதோம். நம்ம பழைய பத்திரத்துல இன்ன தாசில்தார் காலத்துலன்னு எழுதியிருக்கும்லா, அந்த மாதிரி. ஒரு ஊருல, ஒரு அதிகாரி காலத்துல நடந்த சங்கதி இது, கனாவுல கண்டதில்லன்னு சொல்லத்தான். செசரியாவுல 1961-ல அவரு பேரு வெட்டுன கல்லே கெடைச்சிருக்கு.

கிருபையைப் பத்தி நான் அதிகம் பேசமாட்டேன், எனக்கு அந்த விஷயத்துல இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு. திராட்சத்தோட்டத்துக்கு வெடியக்காலம் போனவனுக்கும் அஞ்சு மணிக்குப் போனவனுக்கும் ஒரே கூலின்னா, கூலிக்குப் பனையேறுனவனுக்கு எப்படி இருக்கும்? ஐயருகிட்டக் கேட்டேன். ‘நீரு அஞ்சு மணி ஆளா இருந்தா?’ன்னாரு. அதுக்கு இன்னும் பதில் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

மத்தேயு மொத அதிகாரம் வந்தாலும் நீ தாண்டத்தான் போறே, எல்லாம் பேரா வருதுன்னு. கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு விட்டுப்போச்சுன்னு மூணு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம கெடந்த குடும்பம்லே இது. நீ பேருப் பட்டியலைத் தாண்டலாமா? ஆம்பளை பேரா அடுக்கிட்டு வந்து, நடுவுல தாமார், ராகாப், ரூத்துன்னு வருது பாரு. சாராள், ரெபெக்காள் மாதிரி பெரிய வீட்டு ஆச்சிமாரு ஒருத்தியும் இல்ல. ரூத்து மோவாபியப் பொம்பளை, அசலூரு, தாலியறுத்தவ. மாமியாகூடப் பெத்லகேமுக்கு வந்து, அடுத்தவன் வயல்ல செந்துன கதிரைப் பொறுக்கித்தான் கஞ்சி காச்சுனா. தாவீது ராசா அவ பேரனுக்கு மகன், இல்ல இல்ல, மகனுக்குப் பேரன். எனக்கே கொழம்புது.

அசலூருக்காரி வயல்ல எறங்கிப் பொறுக்க யாரு விட்டாவ? வயலோரத்தை ஒட்ட அறுக்காதே, செந்துனதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும்னு சட்டம் இருக்கு. எங்க இருக்கு? லேவியராகமம் 19. அயலானைத் தன்னைப்போல நேசிக்கிற கட்டளைன்னு ஆண்டவர் எடுத்துச் சொன்னாரே, அதுவும் அந்த அதிகாரத்துலதான் கெடக்கு. நீ பதினாறு அதிகாரத்துக்கு முன்னாலயே வண்டியை விட்டு எறங்கிட்டே.

பேனாவை மூடு. போனை அந்தத் திண்ணையில வை. என் தலைமாட்டுல அட்டை பிஞ்சு கெடக்கும், அந்தப் புஸ்தகத்தை எடுத்துட்டு வா. எனக்குக் கண்ணுல புரை விழுந்து எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது, நீதான் வாசிக்கணும். பத்தொம்பதுல தொடங்கு. பைய, சத்தமா வாசி. நான் கண்ணை மூடுனா தூங்குதேன்னு நெனச்சு ரெண்டு வசனத்தைத் தாண்டிராதே. ஒங்க பாட்டி அடுப்பங்கரையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.