கறுப்பு மூடிக்கு அனுமதி கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: நிலப் போக்குவரத்து ஆணையம், ஹாம்ப்ஷியர் சாலை, தேக்காவுக்குப் பக்கம்.

பொருள்: கார் எண் பலகைக்குப் புகைநிற மூடி மாட்டுவோரின் கூச்ச சுபாவத்தை அரசு மதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

உங்கள் தலைமையகம் எனக்கு அந்நியமான இடமல்ல. அது கண்டாங் கெர்பாவ் பிள்ளைப்பேற்று மருத்துவமனையாக இருந்த காலத்தில் நான் அங்கேதான் பிறந்தேன். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். அத்தனை கூட்டத்தில் எந்தப் பிள்ளை யாருடையது என்று தெரியத்தான் கையில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டார்கள். அதன்மேல் கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒட்டிக் கொடுங்கள் என்று எந்தத் தாயும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் காலத்து மனிதர்களுக்கு நாகரிகம் போதவில்லை.

இப்போது வந்துவிட்டது. தெம்பனிஸில் எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு மாலை வந்து பாருங்கள். எண் பலகைமேல் புகைநிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி, நாலு மூலையிலும் நாலு திருகாணி. நேர் பின்னால் போய்க் குனிந்து நின்றால் எண் மங்கலாகத் தெரியும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் வெறும் கறுப்பு. கைப்பேசி விளக்கை அடித்தாலோ வெள்ளையாக ஒரு பளபளப்பு, அதற்குள் உங்கள் முகம்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஈரச்சந்தையிலிருந்து தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தார். வளைவில் திரும்பிய கார் ஒன்று வண்டியைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. கீரையும் முட்டையும் தரையில். "நம்பரைப் பார்த்தீங்களாக்கா?" என்று கேட்டேன். "பார்த்தேன் தம்பி, கறுப்பா இருந்துச்சு" என்றார். அதை வைத்துக்கொண்டு எந்தப் படிவத்தை நிரப்புவது?

இதற்காகக் கார்க்காரர்மேல் கோபப்படக் கூடாது என்பதே என் கட்சி. அவர் செய்த செலவைப் பாருங்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) 150,001 வெள்ளிக்குப் போனது. அந்தக் கடைசி ஒரு வெள்ளியில் எத்தனை ஏக்கம்! சான்றிதழ் பத்தே ஆண்டுக்கு. காருக்கு விலை தனி, வரி தனி. அதற்கும் மேல், பிடித்த எண் வேண்டுமென்றால் உங்களிடமே ஏலம் கேட்க வேண்டும். கேட்பு 1,000 வெள்ளியில் தொடங்குகிறது. இத்தனையும் கட்டி, எட்டுகளாக அடுக்கிய எண்ணை வாங்கி, பிறகு அதை யாரும் பார்க்கக் கூடாது என்று மூடி போடுகிறார். நகை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிற நம் பெண்களுக்கு இருக்கும் அடக்கம் இது. பாராட்ட வேண்டாமா?

ஒரு பொருளாதார இழப்பு மட்டும் உண்டு. விபத்துக்குள்ளான காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரி எடுப்பது இந்நாட்டின் வழக்கம். புதன், சனி, ஞாயிறு குலுக்கலுக்கு முன் சிங்கப்பூர் பூல்ஸ் வாசலில் நிற்கும் மூத்தோர், கறுப்பு மூடியால் அடைந்த ஏமாற்றத்தை யாராவது ஆராய வேண்டும்.

மற்றபடி மூடியால் கல்விக்கு நன்மையே. நம் எண் பலகையின் கடைசி எழுத்து அழகுக்காக நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முன்னெழுத்துகளில் கடைசி இரண்டை எண்ணாக மாற்றி, நாலு இலக்கங்களையும் சேர்த்து, முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 19ஆல் வகுத்தால் வரும் மீதிக்கு உரிய எழுத்து அது. கார்க்காரர் யாரும் கோபித்துக்கொள்ளாதபடி பேருந்து எண்ணாகவே எடுத்துக்கொள்வோம். எஸ்பிஎஸ் 3229: கூட்டுத்தொகை 141, மீதி 8, எட்டுக்கு உரிய எழுத்து பி (பார்க்கிங்குக்கு வரும் பி). இதில் இரண்டாம் இலக்கத்தை மூடி விழுங்கிவிட்டது என்று வையுங்கள். மற்றவற்றின் கூட்டுத்தொகை 133. அது 19ஆல் மிச்சமின்றி வகுபடும். ஆகவே விழுங்கப்பட்ட இலக்கத்தை நாலால் பெருக்கினால் மீதி எட்டு வர வேண்டும். விடை 2. ஓர் இலக்கம் மட்டும் மறைந்தால் எப்போதும் ஒரே விடைதான். இரண்டு மறைந்தால் பல விடைகள் வரும், அது உயர்நிலை மாணவருக்கு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதப்போகும் பிள்ளைகளைத் தளத்துக்கு ஒருவராகக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார வைத்தால் துணைப்பாடச் செலவும் மிச்சம், உங்கள் அமலாக்க அதிகாரிகளுக்கும் ஓய்வு.

கிண்டல் இருக்கட்டும். வண்டிக் கண்ணாடி விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கறார்! முன்கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பின்னால் 25 விழுக்காடு; அளக்கக் கருவியும் வைத்திருக்கிறீர்கள். எண் பலகையில் எழுத்தும் இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும், மறைக்கக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். வார இறுதிக் கார்களுக்குச் சிவப்புப் பலகை கொடுத்து, கழற்றி மாட்டாதிருக்க முத்திரையும் வைத்தவர்கள் நீங்கள். 2018இல் மின்சைக்கிளுக்கும் எண்ணைக் கட்டாயமாக்கினீர்கள். எங்கள் தெம்பனிஸில் மழையில் நனைந்துகொண்டு சாப்பாடு கொண்டுவரும் பையனின் மின்சைக்கிள் எண் பளிச்சென்று தெரிகிறது. கூச்சம் கார்க்காரருக்கு மட்டுமே வாய்த்த குணம் போலும்.

மூடி எப்படித் தப்பிக்கிறது என்பது ரகசியமல்ல. மூன்று ஆண்டு தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும், பத்து தாண்டினால் ஆண்டுதோறும். முதல் நாள் இரவு நாலு திருகாணியைக் கழற்றினால் போதும். மறுநாள் சான்றிதழ் கையில், மூடி மறுபடி பலகையில்.

உங்களுக்கு இதில் அவசரம் இல்லாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் நுழையக் காகித உரிமம் வேண்டும் என்று அரசு விதித்தபோது, ஓரத்தில் நின்ற ஆட்கள் முன்கண்ணாடியைக் கண்ணால் பார்த்துத்தான் பிடித்தார்கள். 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் (இஆர்பி) வந்ததும் சாலைமேல் நின்ற வளைவு காருக்குள் இருக்கும் பெட்டியோடு பேசியது. பிழை நேர்ந்தால்தான் கேமரா பின்பலகையைப் படம் பிடித்தது. இப்போது அந்தப் பெட்டிக்குப் பதில் ஓபியு கருவி. ஆக, கட்டணம் வசூலிக்க உங்களுக்கு எண் பலகை அவ்வளவாகத் தேவையில்லை. பலகை மிச்சமிருப்பது எங்களுக்காக. தள்ளுவண்டி அக்காவிடம் ஓபியு கருவியும் இல்லை, வளைவும் இல்லை. அவரிடம் இருப்பது இரண்டு கண். மூடி மறைப்பது அந்த இரண்டு கண்ணைத்தான்.

வெளியூரிலும் இந்தத் தலைவலி உண்டு. சென்னையில் எண்ணைச் சுற்றிப் 'பிரஸ்', 'டாக்டர்', 'போலீஸ்' என்று எழுதி அதிகாரம் காட்டினார்கள். 2024 மே மாதம் முதல் அங்குள்ள போக்குவரத்துக் காவல்துறை ஒட்டுகளுக்கு அபராதம் போட ஆரம்பித்தது. அங்கே தன்னை யாரென்று காட்டிக்கொள்ள ஒட்டு, இங்கே காட்டாமலிருக்க மூடி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2025 அக்டோபர் முதல் எண் பலகையை வேண்டுமென்றே மறைப்பதைச் சிறைக்கே அனுப்பக்கூடிய குற்றமாக்கிவிட்டது. சிறையெல்லாம் எங்களுக்கு வேண்டாம். இரவில் கார்கள் வரிசையாக நிற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நிறுத்துமிடங்களில் ஓர் அதிகாரி நடந்தாலே போதும். குனிந்து பார்க்காமல் படிக்க முடியாத பலகைக்கு அங்கேயே சீட்டு.

ஆகவே என் விண்ணப்பத்தின் முதல் பாதியை நானே திரும்பப் பெறுகிறேன். இரண்டாம் பாதி இதுதான்: பரிசோதனை நிலையத்தில் பார்ப்பதைத் தெருவில் பாருங்கள். மாட்டியவரோடு நிறுத்தாமல், 'காட்சிக்கு மட்டும், சாலையில் பயன்படுத்த அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டு இணையத்தில் மூடி விற்பவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். சாலைக்கு ஆகாத எண் பலகை மூடியை வாங்குகிறவர் வீட்டு வரவேற்பறையிலா மாட்டப்போகிறார்?

இப்படிக்கு,
கார் இல்லாத தெம்பனிஸ்வாசி