கட்டுரை அண்ணன்

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழித் தாளை ஒருமுறை எழுதித் தேறி, அதே தாளை ஆண்டுதோறும் பிறருக்கு விளக்கிக்கொண்டிருப்பவர் கட்டுரை அண்ணன். ஜெராய் மலையடிவாரத்தில் யான், குவார் செம்பெடாக், குரூண், பீடோங் எங்கும் இவரைக் காணலாம். பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் கோயில் மண்டபத்தில் வெள்ளைப் பலகை.

இவர் தோன்றியதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் பல இடங்களில் பள்ளி நேரத்துக்குப் பிந்திய பாடம். ஆசிரியர் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. 2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்கப்போவதாக அரசு அறிவித்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப்போகும் என்று சமூகம் குரல் எழுப்பிய பிறகு, பத்தோடு இரண்டு கூடுதலாக எழுத இடம் கிடைத்தது. அந்த இரண்டுக்கும் தாமே காவல் என்பது அண்ணனின் எண்ணம். 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆரும் 2022இல் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3யும் நீக்கப்பட்டு, ஐந்தாம் படிவம் வரை எஸ்.பி.எம். மட்டும் எஞ்சியதும் அவர் மதிப்பு மேலும் உயர்ந்தது.

பயிற்சி மூன்று கட்டங்கள் கொண்டது. முதலாவது, தலைப்பை ஆராய்தல். கேள்வியை மூன்று முறை படிக்க வேண்டும். கருப்பொருளுக்கு வட்டம், என்ன செய்யச் சொல்கிறது என்பதற்குக் கோடு. 'நன்மைகளை விளக்குக' என்றால் தீமையின் பக்கமே தலைவைக்கக் கூடாது. வாதக் கட்டுரை என்றால் ஒரே பக்கம் நிற்க வேண்டும். விவாதக் கட்டுரை என்றால் இரு பக்கமும் பேச வேண்டும். இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, கருத்துத் திரட்டல். பலகையில் குமிழ் வரைபடம் எழும். குமிழ்கள் ஐந்து: மாணவர், பெற்றோர், பள்ளி, சமூகம், அரசாங்கம். தலைப்பு எதுவானாலும் இந்த ஐவரும் தோட்டத்துப் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு வருவதுபோல வரிசையாக வந்து பேர் கொடுத்துவிட வேண்டும். சாலை விபத்தா? பெற்றோர் அறிவுரை கூறுவர், பள்ளி முகாம் நடத்தும், அரசாங்கம் சட்டத்தைக் கடுமையாக்கும். டிங்கிக் காய்ச்சலுக்கும் அதுவே.

"அண்ணே, கேள்வி கொசுவைப் பத்தித்தானே? இதுல பெற்றோர் எங்க வந்தாங்க?"

"கொசு கடிக்கிறது யாரு பெத்த பிள்ளையைடா?"

இந்த வாதத்துக்கு இன்றுவரை மறுப்பு எழவில்லை.

மூன்றாவது, சான்று தேடல். சுற்றுலா பற்றி எழுதச் சொன்னால் தாஜ்மகாலும் ஈஃபில் கோபுரமும் வரும். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை மண்டபச் சன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். தித்தி ஹாயுன் நீர்வீழ்ச்சி யானிலேயே விழும். சோழர் கல்வெட்டு கூறும் கடாரத்தின் தடயங்களோடு பூஜாங் பள்ளத்தாக்குக் காட்சியகம் மெர்போக்கில் காத்திருக்கும். ஆயினும் பார்த்த இடத்தை எழுதினால் புள்ளி குறையும் என்பது அண்ணனின் உறுதியான கொள்கை. நெல் விலையைப் பற்றித் தலைப்பு வந்தாலும், வயலோரத்தில் வளர்ந்த பையன் நாளிதழ்ச் செய்தியைத்தான் சான்று காட்டுவான்.

தேர்வு நெருங்கினால் மூன்று தலைப்புகளை 'ஸ்பாட்' என்று அறிவிப்பார். வந்தால் அது அவர் கணிப்பு. வராவிட்டால் கடைசி நேரத்தில் தேர்வு வாரியம் மாற்றிவிட்டது.

முடிவு வெளியாகும் நாளில் ஏ எடுத்தவர்கள் ஐந்து குமிழ்களின் வெற்றிக்குச் சான்றாவார்கள். மற்றவர்களின் நிலையை ஆராய்ந்து, குறை எங்கே என்று கண்டுபிடித்து, அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தை அண்ணன் திருத்துவார். 'ஊடகம்' என்று ஆறாவது குமிழ் ஒன்று சேர்க்கப்படும்.