அடையாக் கதவின் பெருமை

விருந்தோம்பல் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், தங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டியை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அந்த ரவுட்டரைப் போல வந்தாரை வரவேற்கும் குணவான் இந்தக் காலத்தில் கிடையாது. நட்ட நடு ராத்திரியில் வந்தாலும் முகம் சுளிக்காது. எந்த நாடு, என்ன தொழில் என்று விசாரிக்காது. பெயர் என்ன என்று மட்டும் மரியாதைக்குக் கேட்கும். 'அட்மின்' என்றால் போதும். பாஸ்வேர்ட் கேட்கும், அதற்கும் 'அட்மின்' என்றே சொல்லலாம். இரண்டு வேறு வேறு சொற்களை நினைவில் வைக்கச் சொல்லி விருந்தாளியை வதைக்கலாமா?

இத்தனைக்கும் அது வசதியான குடும்பம் அல்ல. 2002 டிசம்பரில் கடைக்கு வந்த லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி, 4 எம்பி ஃபிளாஷும் 16 எம்பி நினைவகமும் மட்டுமே சொத்தாகக் கொண்டு குடித்தனம் தொடங்கியது. உள்ளே ஓடியது லினக்ஸ். யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நுணுக்கமாகப் பிரித்துவைக்கத் தெரிந்த அமைப்பு அது. ஆனால் பெட்டிக்குள் வைத்தவர்கள் அந்தப் பேதங்களை எல்லாம் ஒழித்துக் கட்டினார்கள். இணையப் பக்கம் காட்டும் நிரலும் ரூட் என்ற சர்வ அதிகாரி, ஐபி முகவரி பங்கிடும் நிரலும் ரூட், போர்ட் திறந்துவிடும் நிரலும் ரூட். பல பத்தாண்டுகளாகப் பேசியும் நாட்டில் வராத சமதர்மம், இந்த உள்ளங்கைப் பெட்டிக்குள் என்றைக்கோ வந்துவிட்டது. இதில் எந்த ஒரு நிரலை வசப்படுத்தினாலும் மொத்தப் பெட்டியும் வசமாகிவிடும். தனித்தனியாகக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

அந்த மாடலில் இன்னொரு அழகும் இருந்தது. நிர்வாகப் பக்கத்தில் பிங் சோதனைக்கு ஒரு கட்டம். அதில் முகவரி எழுத வேண்டும். முகவரிக்குப் பதில் ஆணை எழுதினாலும் பெட்டி கோபித்துக்கொள்ளாமல் நிறைவேற்றியது. காரணம் எளிது: கட்டத்தில் எழுதியதைச் சரிபார்க்காமல் அப்படியே ஆணைகளை நிறைவேற்றும் ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டது, ஷெல் ரூட்டாக ஓடியது. சரிபார்ப்பது என்பது சந்தேகப்படுவது. விருந்தாளியைச் சந்தேகப்படுவது பண்பாகுமா? இந்தப் பண்பு அந்த ஒரு பெட்டியோடு முடிந்துபோயிருந்தால் வருத்தப்பட்டிருப்போம். நல்லவேளையாக, அதே பிங் கட்டமும் அதே நம்பிக்கையும் பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் இருபது வருடமாக வாழையடி வாழையாக வந்துகொண்டிருக்கின்றன.

கணக்கில் கருணை காட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு டபிள்யூபிஎஸ் பதில் சொல்லும். நீள பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்யச் சோம்பல்படுகிறவர்களுக்காக வந்த வசதி: எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் வைஃபையில் சேர்ந்துவிடலாம். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு. திருட வருபவன் பாவம், எத்தனை நாள் வெயிலில் நிற்பான்? எனவே கடைசி இலக்கத்தை மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும்படி வைத்தார்கள். 10 கோடி 1 கோடியாயிற்று. அதுவும் அதிகம் என்று தோன்றியிருக்க வேண்டும். எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் நான்கு இலக்கம் தவறென்றால் அங்கேயே 'தவறு' என்று சொல்லிவிடும்படி அமைத்தார்கள். முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000, ஆக மொத்தம் 11,000 முயற்சி. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் என்ற ஆய்வாளர் இந்தக் கருணையை ஊரறியச் சொன்னார். சில மணி நேர வேலை. சில மாடல்களில் டபிள்யூபிஎஸ்ஸை அணைக்கும் பட்டனை அமுக்கியும் அது அணையவில்லை என்பதும் தெரியவந்தது. தருமம் செய்யத் தொடங்கிய கை அவ்வளவு லேசில் மடங்காது.

இப்படிப்பட்ட புகழ் பரவாமல் இருக்குமா? 2016-ல் மிராய் என்ற நிரல் 60-க்குச் சற்று மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்ட் ஜோடிகளை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றப் புறப்பட்டது. பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் வைத்துக் கொடுத்த அதே சொற்கள். தொலைவிலிருந்து உள்நுழையும் டெல்நெட் வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. ரவுட்டர்களும் கேமராக்களும் டிவிஆர்களும் லட்சக்கணக்கில் திறந்தன. திறந்ததோடு நிற்கவில்லை, வந்தவரோடு வேலைக்கும் கிளம்பின. அந்தச் செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற செய்தியாளரின் தளத்தின் மேல் நொடிக்கு 620 கிகாபிட் வரை கொட்டின. அக்டோபர் 21 அன்று டைன் என்ற, தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் நிறுவனத்தைத் திக்குமுக்காட வைத்து, ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்காமல் செய்தன. இவ்வளவையும் வீட்டுக்காரருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல் செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். யூடியூப் கொஞ்சம் சுற்றியிருக்கலாம், அவ்வளவுதான்.

மிராய் உள்ளே போனவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, டெல்நெட், எஸ்எஸ்எச் வாசல்களை அடைத்தது. வேறு கும்பல் வந்து பங்கு கேட்கக் கூடாதே! பெட்டியைச் செய்த நிறுவனத்துக்கும், அதை விற்ற கடைக்கும், மாட்டிவிட்டுப் போன தம்பிக்கும் தோன்றாத பாதுகாப்பு நடவடிக்கையைக் கடைசியில் திருடன்தான் செய்ய வேண்டியிருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் மிராய் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். வாசல் மறுபடி திறந்துகொள்ளும். பழைய குணம் போகவே போகாது.

நம் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டுச் செயலிழந்தன. தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதன்பிறகு வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். அறிவுரை சொல்வதற்குச் சரியான நேரம் எது என்பது அனுபவசாலிகளுக்குத்தான் தெரியும்.

பழமையைப் போற்றுவதிலும் இந்தப் பெட்டிகளை மிஞ்ச ஆளில்லை. ரோம்பேஜர் என்பது ரவுட்டருக்குள் இணையப் பக்கம் காட்டும் ஒரு குட்டிச் சர்வர். அதில் இருந்த ஓட்டையை, சர்வரை எழுதிய நிறுவனமே 2005-ல் அடைத்துவிட்டது. 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் தேடிப் பார்த்தபோது, 189 நாடுகளில் 1.2 கோடி கருவிகள் அதே ஓட்டையை ஒன்பது வருடமாகக் கண்ணுங்கருத்துமாகக் காப்பாற்றி வந்தன. 2020-ல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஏழு கம்பெனிகளின் 127 ரவுட்டர்களின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தது. குறையில்லாதது என்று ஒன்றுகூட இல்லை. 46 ரவுட்டர்களுக்கு அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வரவில்லை. லினக்ஸ் ஓடியவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 2.6.36 அல்லது அதற்கும் மூத்த கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, வைத்திருந்தன. அந்தக் கெர்னலுக்குக் கடைசித் திருத்தம் வந்தது 2011-ல். பட்டியலில் மூத்தவர் நம் பழைய நண்பரின் தம்பி, டபிள்யூஆர்டி54ஜிஎல். கெர்னல் 2.4.20, பிறந்த வருடம் 2002. அவர் பேரில் கடுமையான ஓட்டைகளாக 579 எண்ணினார்கள்.

இதற்கு யாரையும் தனியாகப் பாராட்டுவது அநியாயம். இது கூட்டுக் குடும்பத்தின் சாதனை. சிப் செய்கிற கம்பெனி வைஃபை டிரைவரை மூல நிரல் காட்டாமல், ஒரே ஒரு கெர்னல் பதிப்புக்குப் பொருந்தும்படி செய்து கொடுக்கிறது. கெர்னலை மாற்றினால் டிரைவர் ஓடாது. ஆகவே கெர்னலை யாரும் மாற்றுவதில்லை. போர்டு தயாரிப்பவர் அதைச் சிப்போடு ஒட்டிக் கொடுக்கிறார். பிராண்டுக்காரர் மேலே தன் பெயரையும் ஒரு இணையப் பக்கத்தையும் ஒட்டுகிறார். நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர் கடைசியாகத் தன் லோகோவை ஒட்டி, தூரத்திலிருந்தே பெட்டியைத் தான் ஆட்டுவிக்க ஒரு போர்ட்டையும் திறந்துவைக்கிறார். ஓட்டையை யார் அடைப்பது என்று கேட்டால் நாலு பேரும் மற்ற மூவரை அன்போடு கைகாட்டுவார்கள். அந்த அடக்கத்துக்கு விலை வைக்க முடியாது. வைத்தால் பெட்டி விலை நூறு இருநூறு கூடிவிடும், நாமும் வாங்க மாட்டோம்.

எங்காவது ஒரு சமயம் மனம் மாறித் திருத்தினாலும் அளவோடு திருத்துவார்கள். 2013 கடைசியில் எலுவா வாண்டர்பெக்கன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், பல பிராண்டு ரவுட்டர்களில் 32764 என்ற போர்ட்டில் பாஸ்வேர்டே கேட்காத பின்வாசல் ஒன்று இருப்பதைக் கண்டார். செய்தி பரவியது, திருத்தம் வந்தது. 2014 ஏப்ரலில் அந்தத் திருத்தத்தையும் அவர் பிரித்துப் பார்த்தார். பின்வாசல் அப்படியே இருந்தது. குறிப்பிட்ட ஒரு பாக்கெட்டை அனுப்பித் தட்டினால் மறுபடி திறந்தது. வீட்டில் ஓட்டை இருக்கிறது என்று புகார் சொன்னவருக்கு, அதன் முன்னால் ஒரு அழகான திரைச்சீலை.

இவ்வளவு தாராள மனசுக்காரர்கள் நடுவில் ஒரு கருமிக் கூட்டமும் இருக்கிறது. அவர்களைத் திட்டாமல் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. டபிள்யூஆர்டி54ஜி-யில் லினக்ஸ் இருப்பதை 2003-ல் மோப்பம் பிடித்து, ஜிபிஎல் உரிமப்படி மூல நிரலைக் கொடு என்று நச்சரித்து வாங்கியது இந்த வகையறாதான். 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் திட்டம் தொடங்கிற்று. அன்றிலிருந்து இவர்கள் தொழில், வருகிறவர் மூஞ்சியில் கதவைச் சாத்துவது.

இவர்கள் பெட்டி வாங்கும் விதமே அற்பத்தனமானது. எத்தனை ஆன்டெனா என்று பார்க்காமல், சிப்புக்குத் திறந்த மூல டிரைவர் உண்டா, ஃபிளாஷ் 16 எம்பியாவது இருக்கிறதா, நினைவகம் 128 எம்பியாவது தேறுமா, ஏதாவது சொதப்பினால் சீரியல் போர்ட் வழியே மீட்க முடியுமா என்று சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவர் போலப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். பிறகு தொழிற்சாலை ஃபர்ம்வேரை அழிப்பார்கள். அத்தனை பேர் சேர்ந்து ஒட்டிய ஸ்டிக்கர்களுக்குக் கொஞ்சமும் மரியாதை கிடையாது.

அதன்பிறகு ஃபயர்வால். வெளியிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் இயல்பு விதியே மறுப்பு. உள்ளிருந்து யாரையாவது கூப்பிட்டிருந்தால் அவருடைய பதில் மட்டும் வரலாம். சிலர் 'ரிஜெக்ட்' போடுவார்கள். அதிலாவது 'இல்லை' என்று ஒரு சொல் உண்டு. கல்நெஞ்சக்காரர்கள் 'டிராப்' போடுவார்கள். தட்டியவர் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், உள்ளே ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். நிர்வாகப் பக்கம் வீட்டுக்குள்ளிருந்து மட்டும். எஸ்எஸ்எச்-க்கு பாஸ்வேர்டே ஏற்காது, சாவிக் கோப்பு வேண்டும். விளையாட்டுக் கன்சோல் கேட்டால் போர்ட்டைத் தானே திறந்துவிடும் யுபிஎன்பி என்ற உபகாரியை நிறுவவே மாட்டார்கள். டபிள்யூபிஎஸ் பேச்சே கிடையாது.

பந்தியிலும் பேதம் பார்க்கிறார்கள். கேமராவுக்கும் ஸ்மார்ட் டிவிக்கும் விலான் என்ற தனி வலைப்பிரிவு; லேப்டாப் இருக்கும் பக்கம் அவை எட்டிப் பார்க்க முடியாது. கேமரா வெளியூர் சர்வரோடு பேச ஆசைப்பட்டால் அதற்கும் தடை. 'எங்கள் முகவரியைத்தான் என்ஏடி மறைத்துவிடுகிறதே, பிறகு எதற்கு ஃபயர்வால்?' என்று நம்மைப் போன்ற வெள்ளந்திகள் கேட்டால், ஐபிவி6-ல் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி உண்டு, அங்கே என்ஏடி காப்பாற்றாது, அதற்கும் தனியாக விதி எழுதணும் என்று பாடம் எடுப்பார்கள். இந்தியாவில் மொபைல் நெட்டும் ஃபைபரும் ஐபிவி6-க்குப் பெருமளவு போய்விட்டதால், இந்த விஷயத்தில் மட்டும் அவர்கள் வாயை அடைக்க முடியவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டுத் தூங்குகிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஒருநாள் வெளியே ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து, தங்கள் வீட்டு ஐபியை என்மேப் என்ற போர்ட் தேடும் கருவி கொண்டு தாங்களே தட்டிப் பார்ப்பார்கள். சொந்த வீட்டை வேவு பார்க்கும் ஜாதி! தேவையில்லாத நிரல்களைப் பெயர்த்து எறிவார்கள். மூல அமைப்பு எழுத முடியாத பகுதியில் இருக்கும். மாற்றங்கள் மேலே தனி அடுக்கில். குழப்பம் வந்தால் மேலடுக்கைத் துடைத்துப் பழையபடி தொடங்கலாமாம். புதுப் பதிப்பு வந்தால் அந்த வாரமே ஏற்றிவிடும் அவசரம் வேறு. 2024 டிசம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் கட்டித் தரும் சேவையில் ஒரு ஆய்வாளர் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னார். சில மணி நேரத்தில் அடைத்துவிட்டு, நடந்ததை ஊருக்கும் அறிவித்தார்கள். ரோம்பேஜர் பெட்டிகளின் ஒன்பது வருடப் பொறுமை எங்கே, இந்தப் பதற்றம் எங்கே.

சட்டங்களும் இப்போது கருமிகள் பக்கம் சாய்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொழிற்சாலை பாஸ்வேர்ட் வைத்து விற்பதற்குத் தடை. எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் சொல்ல வேண்டும். நல்லவேளை, இத்தனை காலம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொன்னால் போதும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம்தான் கொஞ்சம் முரட்டுத்தனமாக, பொதுவாக ஐந்து வருடமாவது தரணும் என்று எழுதிவிட்டது. ஆனாலும் அவர்களுக்கும் இதயம் இருக்கிறது. அதன் முக்கிய விதிகள் நடைமுறைக்கு வருவது 2027 டிசம்பர் 11-ல்தான். அதற்கு முன் சந்தைக்கு வந்துவிட்ட சரக்கைப் பெரிய மாற்றம் செய்யாதவரை பெரும்பாலான விதிகள் தொடாது. ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பும் பெட்டிகளுக்கு அந்தச் சட்டமே கிடையாது. கிடங்கில் இருப்பதை எங்கே அனுப்பலாம் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் தள்ளுபடிக்குக் குறைவிருக்காது.