பதின்மூன்றடிச் சுவர்

கொஞ்ச நாள் முன்பு வரை யாருக்குப் போன் போட்டாலும், அவர் எடுப்பதற்குள் ஒரு குரல் வந்து நமக்குப் புத்தி சொன்னது: ஓடிபியைச் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே. நல்ல புத்திதான். ஏமாந்தால் தப்பு உன்னுடையது என்பதை நாடே மனப்பாடம் செய்துவிட்டது. ஏமாற்றுகிறவனுக்கு நம் பெயரும் பிறந்த தேதியும் எங்கிருந்து கிடைத்தன என்பதை மட்டும் அந்தக் குரல் சொல்லவே இல்லை.

நான் சொல்கிறேன். 2018 மார்ச்சில் அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் ஓர் உறுதி கொடுத்தார். ஆதார் விவரங்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் கொண்ட சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றனவாம். ஹேக்கர் என்பவன் நள்ளிரவில் ஏணியும் கடப்பாரையுமாக வருகிறவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அகழி வெட்டி முதலை விட நிதி ஒதுக்கச் சொல்லிக் கேட்காமல் விட்டார்களே, அதுவரை மிச்சம்.

அதே ஆண்டு ஜனவரியில்தான் ‘ட்ரிப்யூன்’ நாளிதழ், 500 ரூபாயும் பத்து நிமிடமும் இருந்தால் ஆதார் விவரங்களை யாரும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. ஆதார் ஆணையம் உடனே போலீசுக்குப் போனது. ஓட்டையை அடைக்கவா? செய்தி எழுதிய நிருபரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறியது.

ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் அன்றைய தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவருடைய போன் நம்பர், பிறந்த தேதி என்று வரிசையாக வந்து விழுந்தன. அதெல்லாம் ஏற்கெனவே பொதுவெளியில் கிடைப்பவைதான், கவலை வேண்டாம் என்றது ஆதார் ஆணையம். கூடவே, மற்றவர்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள் என்று அறிவுரையும் சொன்னது.

2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் தவறிப்போய் உண்மை பேசிவிட்டது: ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படலாம். இரண்டே நாளில் அறிக்கை வாபஸ். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களாம்! லாட்ஜில் நகல், முன்பெல்லாம் சிம் வாங்கவும் நகல், வாடகை வீட்டுக்கு நகல். ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்ஆப்பில் நம் தெருவே குடும்பம் குடும்பமாகக் கிடக்கிறது. அங்கே சுவர் எத்தனை அடி?

2023 ஜூனில் கோவின் விவகாரம். கொரோனா தடுப்பூசிக்காக அந்தத் தளத்தில் நாம் கொடுத்த விவரங்களை டெலிகிராமில் ஒரு பாட் இலவசமாகக் கொட்டியது. போன் நம்பரைத் தட்டினால் போதும். பெயர், அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்தன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, செய்தியே விஷமம் என்றது சுகாதார அமைச்சகம். பிறகு அதே விஷயத்துக்கு பீகாரில் ஒருவர் கைதானார். நடக்காத குற்றத்துக்குக் குற்றவாளி கிடைப்பது இந்த மண்ணின் தனிச்சிறப்பு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னது 2017 ஆகஸ்டில். அதற்கான சட்டம் ஆறு ஆண்டு கழித்து 2023 ஆகஸ்டில் வந்தது. வந்த அழகைப் பாருங்கள். எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு ஓர் அறிவிக்கையில் விலக்கு கொடுத்துவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வைத்து, ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி அதிகாரி கதவைச் சாத்திக்கொள்ள வழி செய்தாகிவிட்டது. ஆக, அந்தரங்கம் இருக்கிறது, அவர்களுக்கு.

நமக்கு? பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். விவரத்தைப் பறிகொடுத்த நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம் உண்டு என்று மகிழாதீர்கள். அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் 43ஏ என்றொரு பிரிவு இருந்தது. அதையும் நீக்கச் சொல்கிறது புதிய சட்டம்.