புரோக்கரை ஒழித்த வரலாறு

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று சொல்லிவைத்த பெரியவர்கள், இரண்டுக்கும் ஒரே முதலாளி வெப்சைட் நடத்துவார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்திய இணையத்தில் நடந்தது அதுதான்.

நௌக்ரி டாட் காம் மூலம் ஊருக்கெல்லாம் வேலை தேடிக் கொடுத்துக்கொண்டிருந்த சஞ்சீவ் பிக்சந்தானியின் இன்ஃபோ எட்ஜ் நிறுவனம், 2004இல் ஜீவன்சாத்தி என்ற வரன் தளத்தை வாங்கிப் போட்டது. மறு வருஷமே வீடு, மனைக்கென்று 99ஏக்கர்ஸ் தளத்தைத் தொடங்கியது. முதலில் வேலை, வேலை கிடைத்ததும் பெண், பெண் வந்ததும் தனிக்குடித்தனம். பையன் படித்து முடித்து வெளியே வரும்போது பிடித்தால் கிரகப்பிரவேசம் வரை விடுவதில்லை என்று ஏற்பாடு.

2006இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் மேஜிக்பிரிக்ஸைக் கொண்டுவந்தது. அவர்களிடமும் சிம்ப்ளிமேரி என்று ஒரு கல்யாணத் தளம் இருந்தது. 2007இல் மக்கான் டாட் காம் வந்தது. நடத்தியவர் ஷாதி டாட் காம் புகழ் அனுபம் மிட்டல். சென்னைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாரத்மேட்ரிமோனி முருகவேல் ஜானகிராமனின் நிறுவனமும் இந்தியாபிராப்பர்ட்டி என்று பக்கத்திலேயே ஒரு கடை திறந்தது. ஆக, இந்தியாவில் வீடு பார்த்துக் கொடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே வரன் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே தொழில்தான். இரண்டிலும் ஃபோட்டோ பழசு. இரண்டிலும் நேரில் போய்ப் பார்த்தால் நெஞ்சு ‘திக்’கென்கும். அங்கே ‘மாநிறம்’, இங்கே ‘நல்ல காற்றோட்டம்’. அங்கே ஜாதகப் பொருத்தம், இங்கே வாஸ்து. அங்கே ஜாதியை வெளிப்படையாகவே கேட்பார்கள். இங்கே ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று ஒரு வரியில் நாகரிகமாக முடித்துக்கொள்வார்கள். முக்கியமாக, இரண்டிலும் நடுவில் ஒருவர் கக்கத்தில் டைரியுடன் நின்றுகொண்டிருந்தார். அவரை ஒழித்துக்கட்டினால் கமிஷன் மிச்சம் என்பதுதான் எல்லா வெப்சைட்களுக்கும் மூலமந்திரம்.

அவர் புரோக்கர். சென்னையில் வாடகைக்கு வீடு பிடிப்பது என்றால் ஒரு மாச வாடகை அவருக்கு, பத்து மாச வாடகை அட்வான்ஸாக ஹவுஸ் ஓனருக்கு என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. எழுதப்பட்ட சட்டம் பிறகு வந்தது. தமிழக அரசின் 2017ஆம் வருஷச் சட்டம் 2019இல் அமலாகி, அட்வான்ஸ் மூன்று மாசம்தான் என்றது. ஹவுஸ் ஓனர்கள் அதை மரியாதையுடன் கேட்டுக்கொண்டார்கள்.

புரோக்கர் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். அங்கே அளவுக்குத் தகுந்த காசு என்பதால் விளம்பரங்கள் திருக்குறளைவிடச் சுருக்கமாக இருந்தன. அதுவும் வேண்டாம் என்றால் அண்ணாநகர் டைம்ஸ், அடையார் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் என்று வார இறுதியில் வாசலில் வந்து விழும் பேட்டைப் பத்திரிகைகள். வாசகருக்கு இலவசம், விளம்பரம் கொடுப்பவர் காசு கட்டுவார். காலையில் பத்திரிகை விழுந்த சத்தம் கேட்டதும் ஃபோனை எடுத்தவருக்கு வீடு. காப்பி குடித்துவிட்டு எடுத்தவருக்கு ‘இப்பதான் ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்’ என்ற செய்தி.

இந்த நிலைமையில்தான் இணையம் வந்து, ‘விளம்பரமும் இலவசம், பார்ப்பதும் இலவசம்’ என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்திருந்தது. வேகம் 256 கே.பி.பி.எஸ். வீட்டின் ஃபோட்டோவைச் சொடுக்கினால் முதலில் சீலிங் ஃபேன் வரும். அப்புறம் சுவர். தரை வருவதற்குள் வேறொருவர் அந்த வீட்டில் பால் காய்ச்சியிருப்பார்.

இந்தத் தொழிலின் கவர்ச்சி எப்படிப்பட்டது என்பதற்கு சுலேகாவே சாட்சி. 1998இல் அமெரிக்காவில், வெளிநாட்டு இந்தியர்கள் கதை, கட்டுரை எழுதிப் பகிர்ந்துகொள்வதற்காகச் சத்யா பிரபாகர் ஆரம்பித்த தளம் அது. சில வருஷம் இலக்கியம் வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு சென்னைக்கு வந்து வரி விளம்பரத்தில் இறங்கி, வாடகை வீடு, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்று செழித்தார்கள். எழுத்து சோறு போடாது என்று எந்த எழுத்தாளரின் மனைவியைக் கேட்டிருந்தாலும் முதலிலேயே சொல்லியிருப்பார்.

இலவசத் தளம் தொடங்குகிறவனுக்கு முதல் தலைவலி, கடையில் சரக்கு இல்லாதது. வீடு இருந்தால்தான் ஆள் வரும், ஆள் வந்தால்தான் வீட்டைக் கொடுப்பார்கள். எந்த மாம்பலத்து ஹவுஸ் ஓனரும் எழுந்து குளித்து, கம்ப்யூட்டரைப் போட்டு, தன் வீட்டின் சதுர அடியைத் தானே டைப் அடிக்கப்போவதில்லை. கையில் தயாராக நூறு வீடு வைத்திருந்தவர் ஊரில் ஒருவர்தான். டைரிக்காரர்.

இரண்டாவது தலைவலி, சம்பளம். ஓனர் காசு தரமாட்டார், இலவசம் என்று சொல்லியாகிவிட்டது. தேடுகிறவரும் தரமாட்டார், தந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார்? மாசா மாசம் பேக்கேஜ் கட்டி, தன் விளம்பரத்தை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பில்டர். இன்னொருவர், மன்னிக்கவும், மறுபடியும் டைரிக்காரர்தான். ஆக, புரோக்கரை ஒழிக்கப் புறப்பட்ட படைக்குச் சாப்பாட்டுச் செலவை புரோக்கரே ஏற்றுக்கொண்டார். உலக வரலாற்றில் வேறெந்தப் புரட்சிக்கும் இந்த வசதி கிடைத்ததில்லை.

அவரும் ஏமாளி அல்ல. காசு கட்டி ‘ஏஜென்ட்’ என்று பதிவதைவிடக் காசு கட்டாமல் ‘ஓனர்’ என்று பதிவது லாபம் என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஓர் ஆளுக்கே கொளத்தூரில் மூன்று, வேளச்சேரியில் எட்டு, போரூரில் பன்னிரண்டு வீடு என்று சென்னையில் திடீர் ஜமீன்தார்கள் முளைத்தார்கள். நிஜ ஓனர் யாராவது தப்பித் தவறி விளம்பரம் போட்டால், பத்து நிமிஷத்தில் ஃபோன் அடிக்கும்.

“சார், நங்கநல்லூர் டூ பெட்ரூம் போட்டிருந்தீங்களே, இருக்கா?”

“இருக்கு. உங்களுக்கா?”

“எனக்கில்ல சார், பார்ட்டி இருக்கு. ஐ.டி. பார்ட்டி. ஹஸ்பெண்ட், ஒய்ஃப் ரெண்டே பேர். சுவத்துல ஆணி அடிக்க மாட்டாங்க.”

“நீங்க புரோக்கரா?”

“சேச்சே, சர்வீஸ் சார்.”

வீடு தேடுகிறவர் கதை இதைவிட உருக்கமானது. பளிங்குத் தரை, பால்கனியில் ரோஜாத் தொட்டி, வாடகையோ பாதிதான் என்று ஃபோட்டோவைப் பார்த்து உடனே கூப்பிடுவார். ‘அது நேத்து சாயங்காலம்தான் சார் போச்சு. அதே ரேஞ்சுல இன்னொண்ணு இருக்கு, கொஞ்சம் உள்ள தள்ளி’ என்று பதில் வரும். ஆறு மாசம் கழித்துக் கூப்பிட்டாலும் அந்த வீடு நேற்று சாயங்காலம்தான் போயிருக்கும். ‘உள்ள தள்ளி’ என்பதன் தூரத்தை அளக்க அப்போது கையில் கூகுள் மேப் கிடையாது. டி.வி.யில் சீரியல் நட்சத்திரங்கள் திண்டிவனம் பக்கத்து மனையைக் காட்டி ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று புன்னகைத்த காலம் வேறு. தூரம் என்பது மனசைப் பொறுத்தது என்று தமிழ்ச் சமூகம் ஒப்புக்கொண்டிருந்தது.

இந்தப் பொய்க்கெல்லாம் முடிவு கட்டுகிறோம் என்று 2012இல் மும்பையில் கிளம்பினார்கள் பன்னிரண்டு இளைஞர்கள். எல்லோரும் ஐ.ஐ.டி. பாம்பே. தலைவர் ராகுல் யாதவ், அங்கே படிப்பைப் பாதியில் விட்டவர். மும்பையில் வீடு தேடிப் படாத பாடு பட்ட ஆத்திரத்தில் பிறந்தது ஹவுசிங் டாட் காம். அவர்கள் செய்த காரியம் உண்மையிலேயே நல்ல காரியம். யார் என்ன சொன்னாலும் நம்பாமல், கேமராவுடன் ஆளை அனுப்பி வீட்டை நேரில் படமெடுத்து, மேப்பில் குத்தி வைத்தார்கள். ஒரு வீட்டின் ஃபோட்டோவில் அந்த வீடே இருந்தது. தேடுகிறவர்களுக்கு இது புது அனுபவம்.

ஆனால் ஊர் ஊராக ஆளும் கேமராவும் அனுப்புவது இலவசமல்ல. 2014 டிசம்பரில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் முன்னின்று 9 கோடி டாலர் கொடுத்தது. அதற்குச் சில மாசம் முன்பே எதிர் முகாமில் இன்ஃபோ எட்ஜ், முக்கியமாக 99ஏக்கர்ஸைக் காப்பாற்ற, பங்கு விற்று 750 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. இரண்டையும் கூட்டினால் 1,300 கோடி ரூபாயை ஒட்டி வரும். ‘டூ லெட்’ அட்டையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட ஆன செலவு அதற்கு முன் பத்து ரூபாய்தான்.

2015 மார்ச்சில் நகரங்களின் ஹோர்டிங்குகளை வளைத்துப் போட்டு, ‘லுக் அப்’ என்று ஒரு மேல்நோக்கிய அம்புக்குறியைக் காட்டியது ஹவுசிங். ஜனங்களும் மேலே பார்த்தார்கள். வீட்டு விளம்பரம் என்று நினைத்தவர்களைவிட மெட்ரோ ரயில் வேலை, தலையில் ஏதோ விழப்போகிறது என்று ஒதுங்கியவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள். அதே சமயத்தில் டைம்ஸ் குழுமம் 100 கோடி ரூபாய் கேட்டு ஹவுசிங்குக்கு மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பியது. ராகுல் யாதவ் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய சண்டை மெயில் ஊரெல்லாம் சுற்றியது.

ஏப்ரல் கடைசியில் அவர் ராஜினாமா கடிதம் கொடுத்தார். இயக்குநர்களுக்குத் தன்னோடு பேசுகிற அளவு அறிவு போதாது என்று அதில் தெரிவித்திருந்தார். தூக்க நேரம் போகத் தன் வாழ்நாளில் பாக்கி சுமார் 3 லட்சம் மணி நேரம்தான், அதை இவர்களிடம் வீணடிக்க முடியாது என்று கணக்கும் போட்டிருந்தார். சில நாளிலேயே மன்னிப்புக் கேட்டு ராஜினாமாவை வாபஸ் வாங்கினார். மே மாசத்தில் தன் பங்குகள் முழுவதையும் 2,251 ஊழியர்களுக்கு எழுதிவைத்தார். மதிப்பு 150 முதல் 200 கோடி ரூபாய். கர்ணன் தோற்றான் என்று பத்திரிகைகள் பாராட்டி முடிப்பதற்குள், ஜூலை 1ஆம் தேதி இயக்குநர் குழு அவரை வீட்டுக்கு அனுப்பியது. அட்வான்ஸ் திருப்பித் தரப்பட்டதா என்பது தெரியவில்லை.

அதற்குப் பின் எல்லாம் சம்பந்தம் பேசும் படலம். மக்கானை இன்னொரு வீட்டுத் தளமான பிராப்டைகர் 2015இல் வாங்கியது. அபார்ட்மெண்ட்வாசிகளுக்காக 2007இல் பெங்களூரில் தொடங்கிய காமன்ஃப்ளோரை 2016 ஜனவரியில் வரி விளம்பரத் தளமான குவிக்கர் கைப்பிடித்தது. 2017 ஜனவரியில் ஹவுசிங்கும் பிராப்டைகரோடு இணைந்தது. முதலீடு தந்தது ஆஸ்திரேலியாவின் ஆர்.இ.ஏ. குரூப். அது யாரென்றால், 1995இல் மெல்போர்னில் ஒரு கார் ஷெட்டில் வீட்டு விளம்பரத் தளமாகத் தொடங்கி, பின்னால் ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனத்தின் கைக்குப் போனது. வேலை வரனோடு சேர்ந்தது, வரன் வீட்டோடு சேர்ந்தது, கடைசியில் எல்லாம் பேப்பர் முதலாளியோடு சேர்ந்தது.

நடுவில் 2014இல் பெங்களூரில் நோபுரோக்கர் வந்தது. நோக்கத்தைப் பெயர்ப் பலகையிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். ஓனர் வேஷத்தில் நுழையும் தரகர்களைப் பிடிக்க மென்பொருள் வைத்தார்கள். தரகர்களிடமிருந்து ஒரு பைசா வாங்கவில்லை. பதிலுக்கு, பெங்களூர் தரகர்கள் அவர்கள் ஆபீஸுக்கே கூட்டமாக வந்து ரகளை செய்தார்கள் என்று செய்தி வந்தது. புரோக்கரை ஒழிக்கும் திட்டத்தை புரோக்கர்கள் நிஜமாக நம்பியது அந்த ஒரு முறைதான்.

2021இல் நோபுரோக்கரின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. எப்படி என்று கேட்பீர்கள். சில ஓனர்களின் நம்பர் வரை இலவசம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பேக்கேஜ். பெரிய பேக்கேஜ் எடுத்தால் உங்களுக்கென்று ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர். அவர் ஓனரிடம் பேசுவார், வீடு பார்க்க நேரம் குறிப்பார், வாடகையில் ஆயிரம் குறைக்கச் சொல்லிப் பார்ப்பார். சட்டையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும், மாசச் சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு. டைரி மட்டும் இல்லை.

இருபது வருஷக் கூத்தில் தேறியது இதுதான். வீடு கிடைப்பதென்பது விளம்பரத்தைப் பார்ப்பதல்ல. பூட்டிய வீட்டின் சாவியை மூன்றாவது தெருவிலிருந்து வாங்கி வர ஓர் ஆள் வேண்டும். ‘பையன் பேச்சலர்தான், ஆனா நல்ல குடும்பம்’ என்று ஹவுஸ் ஓனரிடம் உத்தரவாதம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மூன்றாம் மாசம் தண்ணீர் வராவிட்டால் இரண்டு தரப்பும் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டும். இலவசம் என்பது பில்லை யார் மேசையில் வைப்பது என்ற கேள்வி மட்டும்தான்.

இன்றைக்கும் எங்கோ ஒரு காஃபி ஷாப்பில் இரண்டு பேர் லேப்டாப்பைத் திறந்து, முற்றிலும் இலவசமாக, புரோக்கரே இல்லாமல் ஒரு வீட்டுத் தளம் திட்டமிட்டுக்கொண்டிருப்பார்கள். தம்பிகளுக்கு ஒரே யோசனை: முதல் காரியமாக ஏரியாவில் நாலு புரோக்கரைச் சிநேகம் பிடித்து வையுங்கள். ஒழிப்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாச சர்வர் பில்லைக் கட்டப்போவது அவர்கள்தான்.