ஒரு கோடி சுற்று

அலுமினியக் கம்பி ஒன்றை இயந்திரத்தில் மாட்டி, நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் ஒரு கோடி முறை சுற்றவிட ஏறக்குறைய 56 மணி நேரம் ஆகும். எங்கள் துறையின் ஆய்வகம் மாலை 5 மணிக்குப் பூட்டப்படும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் என் இளமையில் ஏழு வருடம் போயிற்று.

நான் செய்தது இயந்திரவியலில் முனைவர் பட்டம். தலைப்பு, உலோகச் சோர்வு. ஒரே அடியில் முறியாத உலோகம், அதைவிடக் குறைந்த பாரத்தை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பத் தாங்கும்போது ஒருநாள் சத்தமில்லாமல் முறிந்துபோகும். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்ததற்கு இதுதான் காரணம். அத்தைக்கு இதைக் குடைக் கம்பியை வைத்து விளக்கினேன். "ஒரு தடவை வளைச்சா முறியாது அத்தே. இப்படியும் அப்படியுமா ஆட்டிக்கிட்டே இருந்தா பட்டுன்னு போயிடும்ல? எத்தனாவது தடவையில போகுதுன்னு பாக்குறேன்." அத்தை சற்று யோசித்துவிட்டு, "அது பழைய குடையா இருந்திருக்கும்ப்பா" என்றார். ஏழு வருடத்தில் என் ஆய்வைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. நடுவர் அறிக்கைகள் பிறகு வந்தவை. அவை இவ்வளவு தெளிவாக இல்லை.

நான் பதிவுசெய்தது 2016 ஜூலையில். பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிகள் அரசிதழில் வந்ததும் அதே மாதம். எனவே நானும் விதிகளும் ஒரே வயதுக்காரர்கள், ஒன்றாக வளர்ந்தோம் என்றே சொல்லலாம். அவை சற்று வேகமாக வளர்ந்தன. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். உதவித்தொகையோ ஐந்து வருடத்தோடு நின்றுவிடும். ஆறாவது வருடம் ஸ்காலர் என்ன சாப்பிடுவார் என்பது பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு கூடி முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும், இதற்கு டி.சி. மீட்டிங் என்று பெயர். அதற்குக் காபியும் போண்டாவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் சொல்லப்பட்ட விதிகளை மீறிய ஸ்காலர்களைப் பார்த்திருக்கிறேன். இதை மீறியவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு மேடம் இருந்தார். முதல் வருடம் என்னை "தம்பி, அந்த ஃபாரத்துல இன்வர்டு நம்பர் போட்டுட்டு வாங்க" என்பார். மூன்றாவது வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஐந்தாவது வருடம், நெற்றி கொஞ்சம் ஏறியிருந்த ஒரு காலையில், "வாங்க சார்" என்றார். பட்டம் வருவதற்கு முன்பே பதவி உயர்வு வந்துவிட்டதே என்று வராந்தாவில் நின்று வருந்தினேன்.

வருகைப் பதிவுக்குக் கைரேகை இயந்திரம் வைத்தார்கள். முழுநேர ஸ்காலர் காலையும் மாலையும் விரல் வைக்க வேண்டும். சோர்வுச் சோதனையில் கம்பியின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தாக வேண்டும். ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் விரிசல் அங்கேதான் பிறக்கும். ஆகவே 220-ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 1200 வரை ஒவ்வொரு கம்பியையும் கையால் தேய்ப்பேன். நாற்பது கம்பி தேய்த்ததில் கம்பியோடு என் விரலும் வழவழவென்று ஆகிவிட்டது. இயந்திரம் என்னை அடையாளம் காண மறுத்தது. நான்தான் நான் என்று கைடு ஒரு கடிதம் எழுதி, துறைத் தலைவர் மேலொப்பம் இட்டு, அது அலுவலகத்துக்குப் போயிற்று. பதில் வந்தது: சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கைரேகையைப் புதுப்பித்துக்கொள்ளவும்.

இனி அந்த 5 மணி விஷயம். இரவில் ஆய்வகம் திறந்திருக்க ஒரு படிவம் உண்டு. கைடு, துறைத் தலைவர், மின் பிரிவு, கட்டடப் பராமரிப்பு, பாதுகாப்பு அலுவலர் என்று ஐந்து கையெழுத்து. ஒரு படிவம் மூன்று நாளைக்குச் செல்லும். இரவில் தனியாக இருக்கக் கூடாது, உடன் ஒருவர் வேண்டும். நியாயமான விதிதான், சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரும் தனியாகத் தூங்கி விழக் கூடாது. ஆனால் உடன் இருப்பவரும் படிவம் தர வேண்டும். அந்தப் படிவத்தில் 'உடன் இருப்பவரின் அனுமதி எண்' என்று ஒரு கட்டம். என் எண் வந்தால்தான் நண்பனுக்கு எண். நண்பனின் எண் வந்தால்தான் எனக்கு எண். இரண்டு படிவத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தோம். கடைசியில் பாதுகாப்பு அலுவலர், முன்னாள் ராணுவக்காரர், பேனாவை எடுத்து இரண்டிலும் ஒரே எண்ணை எழுதினார். "ரெண்டு பேரும் ஒண்ணுதானே, போங்க" என்றார். அத்வைதம் படித்தவரோ என்னவோ.

முதல் கம்பியை ஒரு வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு ஓட்டினோம். சனிக்கிழமை இரவு எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. கம்பியில் ஒரு கீறல் இல்லை. இருவரும் முறைவைத்துத் தூங்கி, பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு காலை 8 மணிக்கு, 82 லட்சத்துச் சொச்சத்தில், எல்லாம் நின்றது. கம்பி முறியவில்லை, மின்சாரம் போயிருந்தது. விடுமுறை நாளில் துறைக் கட்டடங்களின் மெயினை அணைத்துவிட வேண்டும் என்று மின்சிக்கனச் சுற்றறிக்கை ஒன்று இருந்ததாம். எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கடைப்பிடித்திருந்தார். படிவத்தைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். "இதுல லேபைத் திறந்து வைக்கத்தானே பர்மிஷன் இருக்கு? கரெண்டுன்னு எங்க இருக்கு?" என்றார். மின் பிரிவின் கையெழுத்து எதற்கு என்று கேட்டேன். "அது லைட்டுக்கு" என்றார். லைட்டுக்கு மட்டும் மின்சாரம் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றியது. அடுத்த ஞாயிறும் மெயின் அவர் கையில்தான் என்பது நினைவுக்கு வந்து, டீ வாங்கிக் கொடுத்தேன்.

இந்தச் சோதனைகளை முதலில் முறையாகச் செய்தவர் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகளை வருடக்கணக்காகச் சுற்றவிட்டு முறித்துப் பார்த்தார். அவருக்கு யார் சாவி கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குத் தீராத சந்தேகம்.

மூன்றாவது டி.சி. மீட்டிங்கில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். எஃகுக்கு ஒரு தாங்கு வரம்பு உண்டு. அதற்குக் கீழே பாரம் வைத்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் முறியாது என்று கணக்கில் கொள்ளலாம். அலுமினியத்துக்கு அப்படி வரம்பு கிடையாது. எவ்வளவு குறைந்த பாரமானாலும் என்றாவது முறியும். அதனால் அலுமினியத்தை 50 கோடி சுற்று வரை கொண்டுபோவது வழக்கம். "நீங்க ஏன் ஒரு கோடியிலேயே நிறுத்தறீங்க?"

கேள்வி சரியானது. பலகையில் கணக்குப் போட்டேன். 50 கோடி சுற்றுக்கு, ஒரே ஒரு கம்பிக்கு, 116 நாள். படிவம் ஒன்றுக்கு மூன்று நாள் என்றால் 39 படிவம். படிவத்துக்கு ஐந்து கையெழுத்து வீதம் 195 கையெழுத்து. நண்பனுடையதையும் சேர்த்தால் 390. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கைடு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ஆய்வின் நோக்கத்துக்கு ஒரு கோடி போதுமானது" என்றார். கூட்டக் குறிப்பில் 'விரிவான விவாதத்துக்குப் பின்' என்று சேர்த்துக்கொண்டோம். வெளிப் பேராசிரியர் மீதிப் போண்டாவை எடுத்துக்கொண்டார். அறிவியலில் சில எல்லைகள் இப்படித்தான் வகுக்கப்படுகின்றன. நான் எலக்ட்ரீஷியன் அண்ணனையும் இணை ஆசிரியராகப் போட்டிருக்க வேண்டும்.

கோர்ஸ் ஒர்க்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு வருடம் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வந்தவன், என் பழைய மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்டர்னல் எழுதினேன். அவன் கூடுதல் மார்க் வாங்கினான். போகட்டும்.

கட்டுரை வெளியிடுவது பெரிய கதை. ஆய்வேட்டைத் தருவதற்கு முன் மதிப்பீட்டுக்கு உட்பட்ட இதழில் குறைந்தது ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும், இரண்டு மாநாடுகளில் படித்திருக்க வேண்டும் என்பது 2016 விதி. மாநாடு சுலபம், பணம் கட்டினால் சான்றிதழும் ஒரு பையும் கிடைக்கும். அந்தப் பையில்தான் இன்றும் என் வீட்டில் காய்கறி வருகிறது. இதழ்தான் என்னை வாட்டியது. முதல் நடுவர் சோதனை போதாது என்றார். இரண்டாவது நடுவர் சோதனை அதிகம், கோட்பாடு போதாது என்றார். மூன்றாவது நடுவர் தன்னுடைய நான்கு கட்டுரைகளைப் படிக்கும்படி அன்போடு பரிந்துரைத்தார். மூன்று சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகு, 2022 அக்டோபரில், ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. ஆய்வகம் முழுக்க ஜாங்கிரி கொடுத்தேன்.

2022 நவம்பரில் புதிய விதிகள் வந்தன. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிடுவது இனிக் கட்டாயமில்லை.

செய்தியைப் படித்த பக்கத்து ஸ்காலர், ஜாங்கிரியைத் திருப்பித் தரவா என்று கேட்டான். நான் ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஓடினேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதியைப் படித்துக் காட்டினார்: ஏற்கெனவே பதிவுசெய்தவர்களுக்குப் பழைய விதிகளே பொருந்தும். "அப்ப நான் கஷ்டப்பட்டது வீண் இல்லையே மேடம்?" "வீண் இல்லை சார். உங்களுக்குக் கட்டாயம்தான்." இவ்வளவு ஆறுதலாக யாரும் என்னிடம் பேசியதில்லை. எனக்கு ஆறு வருடமும் கொரோனாவுக்காகத் தந்த ஆறு மாதமும் முடியப்போகிற நேரம் அது.

ஆய்வேட்டை எழுதி முடித்ததும் நகல் சோதனை. 2018-இல் வந்த விதிப்படி, பிற எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஒரு வருடம் ஆய்வேட்டைத் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. எனக்கு 14 வந்தது. யாருடையதைத் திருடினேன் என்று பதறிப்போய்ப் பார்த்தால், முதல் குற்றவாளி என்னுடைய 2022 கட்டுரையே. இரண்டாவது, உறுதிமொழிப் பக்கம். 'இந்த ஆய்வேடு முழுக்க என் சொந்த முயற்சி' என்று பல்கலைக்கழகம் தந்த வாசகத்தை அட்சரம் பிசகாமல் தட்டச்சு செய்திருந்தேன். மென்பொருள் அந்தப் பக்கம் முழுவதையும் சிவப்பாக்கி, ஊரிலுள்ள அத்தனை ஆய்வேடுகளிலும் இது இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. சொந்தமாக எழுதினேன் என்று சொந்தமாக எழுதலாமா என்று கேட்டேன். கூடாது, வாசகத்தை மாற்றினால் ஆய்வேடு செல்லாது என்றார்கள். கடைசியில் 'கம்பி சுழற்றப்பட்டது' என்று இருந்த இடத்திலெல்லாம் 'கம்பி சுழற்சிக்கு உள்ளாக்கப்பட்டது' என்று மாற்றி 9 சதவீதத்துக்கு வந்தேன். ஆய்வேடு நான்கு பக்கம் கூடியது, அறிவு கூடவில்லை.

பிறகு மேடம் ஸ்கேலை எடுத்து இடது ஓரத்தை அளந்தார். பைண்டிங்குக்குத் தேவையானதைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவு. ஏழு வருடத்தில் என் ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். எனக்குக் கோபமே வரவில்லை.

2023 ஆகஸ்டில் வைவா. வெளித்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஏன் 50 கோடி வரை போகவில்லை? 'எதிர்கால ஆய்வுக்கான வாய்ப்புகள்' என்ற அத்தியாயத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பதாகச் சொன்னேன். அவர் தலையசைத்தார். அவரும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு படிவத்தோடு அலைந்தவர் என்று அந்தத் தலையசைப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்.

தற்காலிகச் சான்றிதழ் வாங்க நோ டியூஸ் வேண்டும். நூலகம், விடுதி, நான் ஒருநாளும் எட்டிப் பார்க்காத விளையாட்டுப் பிரிவு எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. ஸ்டோரில் மாட்டிக்கொண்டேன். ஸ்டோர் கீப்பர் பதிவேட்டைத் திறந்தார். அலுமினியக் கம்பி, நாற்பது. நான் பையைக் கவிழ்த்தேன். முறிந்தவை 31. ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஒரு கோடி சுற்றையும் தாண்டி முறியாமல் நின்றவை ஒன்பது. அவர் இரண்டு முறை எண்ணினார்.

"எழுபத்தொண்ணு வருதே சார்."

"முறிஞ்சது ரெண்டாயிடுச்சுண்ணே."

"சரி. ஆனா நாப்பது குடுத்து எழுபத்தொண்ணு வாங்கினா மீதி முப்பத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு ஆடிட்ல கேப்பாங்களே?"

குறைந்தால் பணம் கட்டலாம், அதற்குப் படிவம் இருக்கிறது; கூடினால் என்ன செய்வது என்று அவர் பதிவேட்டில் இடமில்லை. கடைசியில் முறிந்ததைக் கண்டம் செய்ய ஒரு குழுவுக்கு எழுதினோம். மூன்று கையெழுத்து. பழக்கமான வேலை, இரண்டு நாளில் வாங்கிவிட்டேன்.

மிச்சம் ஒன்பது. அவற்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் தேய்த்த பளபளப்பு அப்படியே இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கோடி முறை வளைந்து நிமிர்ந்தது, உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று மைக்ரோஸ்கோப் வைத்தால்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் 'புதியது, பழுதில்லை' என்று எழுதி, அடுத்த ஸ்காலருக்காக அலமாரியில் அடுக்கிவிட்டார்.

நோ டியூஸைக் கொடுக்கப் போனபோது மேடம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஏழு வருஷமா பாக்குறேன், நீங்க அப்படியே இருக்கீங்க சார்."