புளி போட்டுத் தேய்த்த புரட்சி

நெப்போலியன் தலை போட்ட ஐந்து பிராங்க் வெள்ளிக் காசு ஒன்றை முதன்முதலாக வாங்கிவந்து மனைவியிடம் காட்டினேன். 1807ஆம் ஆண்டுக் காசு. ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் பேரரசர்னு போட்டிருக்கான், அந்தப் பக்கம் குடியரசுன்னு போட்டிருக்கான். ரெண்டுல எதுங்க நெசம்?"

ஆயுசு முழுக்கப் பழங்காசு பார்த்தவர்களும் இதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். நெப்போலியன் 1804 டிசம்பர் 2ஆம் தேதி நோத்ர தாம் பேராலயத்தில் முடிசூட்டிக்கொண்டார். காசின் பின்பக்கத்தில் இருந்த 'பிரெஞ்சுக் குடியரசு' மட்டும் 1808 வரை அசையாமல் உட்கார்ந்திருந்தது. 1809இல்தான் அதைக் கிளப்பிவிட்டுப் 'பேரரசு' என்று பொறித்தார்கள். தமிழில் நாணயம் என்றால் நேர்மை என்றும் பொருள் உண்டு என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நம்ம வீட்டு வாசல்ல யார் பேர் இருக்கு? என் பேர். உள்ள ஆட்சி யாருது? அந்த மாதிரிதான்" என்றேன். என்ன விலை என்று கேட்க வாயெடுத்தவள் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டாள்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள், குடியிருப்பது பாரிஸ் புறநகரில். பாரிசில் பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தை ஒட்டி விவியன் தெரு என்று ஒன்று இருக்கிறது. பழங்காசுக் கடைகள் வரிசையாக இருக்கும். மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில்தான் எனக்கு இந்த நோய் தொற்றியது. அன்று வேறொரு கடை வாசலில் ஒதுங்கியிருந்தால் குடை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ரோமானியக் காசு, கிரேக்கக் காசு எல்லாம் படித்தவர்கள் சேர்ப்பது. எனக்குப் பிடித்தது 1789க்கும் 1815க்கும் நடுவில் உள்ள இருபத்தாறு வருஷக் கூத்து. ராஜா, குடியரசு, கான்சல், பேரரசர், மறுபடி ராஜா, மறுபடி நூறு நாளைக்குப் பேரரசர், மறுபடியும் அதே ராஜா. அச்சு வெட்டுகிற ஆசாரியை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். 1815ஆம் ஆண்டு ஐந்து பிராங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் லூயி தலையோடும் கிடைக்கும், நெப்போலியன் தலையோடும் கிடைக்கும். அதே வருஷத்து இருபது பிராங்க் தங்கக் காசு ஒன்றில் லூயியின் தலை. அடித்த இடமோ லண்டன். பிரான்சில் இருந்த ஆங்கிலப் படைக்குச் சம்பளம் கொடுக்க அங்கேயே அடித்து அனுப்பினார்கள்.

பதினாறாம் லூயியின் தலையை 1793 ஜனவரி 21ஆம் தேதி வெட்டினார்கள். 1793 என்று ஆண்டு போட்ட காசிலும் அவர் தலை இருக்கிறது. கூடவே 'சுதந்திரத்தின் 5ஆம் ஆண்டு' என்றும் இருக்கிறது. அந்தச் சில்லறைக் காசுகளில் பல, மாதா கோயில் மணிகளை உருக்கி அடித்தவை. ராஜாவின் தலையை எடுத்தவர்கள், மணியை உருக்கி அதே தலையைக் காசில் ஒட்டவைத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அடுத்த தொல்லை தேதி. புரட்சிக்காரர்கள் பழைய நாள்காட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு 1792 செப்டம்பர் 22 முதல் ஒன்றாம் ஆண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். மாதங்களுக்கு மூடுபனி, பனி, வெப்பம் என்று பெயர். முன்பனி, பின்பனி, முதுவேனில் என்று வைத்த நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் காசில் ஆண்டு என்ற இடத்தில் வெறும் '12' என்று இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுக் காசில் பதினொன்றை ரோமன் எழுத்தில் போட்டிருப்பார்கள். என் தங்கை மகன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, ஏசுநாதருக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது அடிச்சதா?" என்றான். நம் ஊரில் ஆண்டுக்குப் பிரபவ, விபவ என்று பெயர் வைத்துவிட்டு எத்தனையாவது சுற்று என்று சொல்லாமல் விடுகிறோமே, அதைவிட இது தேவலை என்று சமாதானம் சொன்னேன். நெப்போலியன் 1806 ஜனவரி 1 முதல் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டார். பதினாலாம் ஆண்டு 1805 செப்டம்பர் 23இல் தொடங்கி டிசம்பர் 31இல் செத்துப்போனது. சரியாக நூறு நாள். '14' போட்ட காசுக்கு என்னைப் போன்றவர்கள் ஏன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறோம் என்பது இப்போது புரியும்.

அலைந்ததில் ஏமாந்ததும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் 1811ஆம் வருஷத்து ஐந்து பிராங்க் ஒன்று மலிவாகக் கிடைத்தது. விற்றவர், தாத்தாவின் மேசை அறையில் இருந்தது என்று கண் கலங்கச் சொன்னார். பதிலுக்கு நானும் கலங்கி, பேரம் பேசாமல் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். நெப்போலியன் காலத்து ஐந்து பிராங்க் என்றால் 25 கிராம். நாற்பது காசு சேர்ந்தால் கணக்காக ஒரு கிலோ. தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். என் காசு 19 கிராம் காட்டியது. விளிம்பில் 'கடவுள் பிரான்சைக் காக்க' என்று எழுத்து இருக்க வேண்டும். தடவிப் பார்த்தால் மொழுக்கென்று இருந்தது. கடைசி நம்பிக்கையாகக் குளிர்பெட்டிக் கதவில் இருந்த காந்தத்தை எடுத்தேன். மச்சான் திருநள்ளாற்றில் வாங்கி அனுப்பிய காந்தப் படம் அது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. நெப்போலியன் பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டார்.

"சனீஸ்வரர் புடிச்சா சாமானியமா விடமாட்டாருங்க" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அந்த அடிக்குப் பிறகு கடையில் மட்டும்தான் வாங்குவது என்று முடிவெடுத்தேன். அப்படி வாங்கியதுதான் மொனெரோன் காசு.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1791, 92இல் பிரான்சில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம். அசின்யா என்ற காகிதப் பணம் மலைபோல் இருந்தது. ரொட்டி வாங்கச் சில்லறை இல்லை. மொனெரோன் சகோதரர்கள் என்ற வணிகர்கள், இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகில் மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் செம்புக் காசு அடித்து வரவழைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கான சில்லறையை ஆங்கிலேயன் அடித்துக் கொடுத்தான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சகோதரர்களில் ஒருவரான லூயி மொனெரோன் பாரிஸ் தேசிய சபையில் பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். அதாவது எங்கள் ஊர்ப் பிரதிநிதி! கடைக்காரர் இதைச் சொன்னதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊரை 1793இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். திரும்பக் கொடுத்தது 1816இல். ஆக, நெப்போலியன் ஆண்ட காலம் முழுக்க அங்கே அவர் ஆட்சியே இல்லை. அவருக்கும் எங்களுக்கும் இல்லாத உறவு இந்த மொனெரோனுக்கு இருக்கிறதே என்று, கேட்ட விலையைக் கொடுத்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டில் பத்திரிகை வாங்குகிறோம்.

ஐந்து சோல் காசு. உள்ளங்கையை நிரப்பும் அகலம். உட்கார்ந்த கோலத்தில் பிரான்ஸ் தேவி, எதிரே சத்தியம் செய்யும் சிப்பாய்கள், சுற்றி 'சுதந்திரமாக வாழ்வோம் அல்லது சாவோம்' என்ற வாசகம். பின்பக்கம் முழுக்க எழுத்து; சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் மாதிரி இருக்கும். இந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தால் அசின்யா தருவோம், ஆனால் 50 லிவ்ருக்கும் அதற்கு மேலும் உள்ள தாளாகத்தான் தருவோம் என்று நிபந்தனை. ஒரு லிவ்ருக்கு இருபது சோல். கணக்குப் போட்டேன்: இருநூறு காசு வேண்டும். எடை ஐந்தரைக் கிலோ வரும். அவ்வளவையும் சுமந்துபோய்க் கொடுத்தால் கையில் கிடைப்பது, மதிப்பு நாளுக்கு நாள் கரைகிற ஒரு காகிதம். மொனெரோன்கள் 1792இலேயே நொடித்துப்போனார்கள். அசின்யா அச்சடித்த கருவிகளை 1796 பிப்ரவரியில் வாந்தோம் சதுக்கத்தில் ஊரறிய அழித்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது ஒன்று. இன்னும் 199 சேர்த்தாலும் மாற்றித்தர யாரும் இல்லை.

அந்தக் காசின் அழகே அதன் நிறம்தான். இருநூற்று முப்பது வருஷமாகக் காற்றும் கைகளும் சேர்ந்து ஏற்றிய சாக்லேட் நிறம். "துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், விரலைக் கூட முகப்பில் வைக்காதீர்கள், விளிம்பில் பிடியுங்கள்" என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். நானும் பிறந்த குழந்தையைப் போல் ஏந்திவந்து மேசை மேல் வைத்தேன்.

அந்த வாரம் புதுச்சேரியிலிருந்து மாமியார் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். சமையலறைத் தொட்டி ஓரத்தில் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், உத்தரணி எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறது. கடைசியில், துணி மேல், தளதளவென்று புது மணப்பெண் மாதிரி ஒரு செம்பு வட்டம்.

"மாப்ள, உங்க மேசை மேல ஒரு வில்லை கெடந்துச்சு. ஒரே களிம்பு. புளி போட்டு ஊறவச்சு, விபூதி வச்சு நல்லா அழுத்தித் தேச்சிருக்கேன். இப்பப் பாருங்க!"

பார்த்தேன். இரண்டு நூற்றாண்டு, எலுமிச்சையளவு புளியோடு தொட்டியில் போயிருந்தது. சிப்பாய்களின் மூக்குகளும் கொஞ்சம் போயிருந்தன.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அந்தம்மா ஊரிலிருந்து எனக்காக நாலு கிலோ கருவாடு கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் கடைக்காரரிடம் எடுத்துப்போனேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், என்னைப் பார்த்தார். பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் வீட்டில் மொழிபெயர்க்கவில்லை. வாங்கிய விலையில் கால்வாசி தேறும் என்றார், அதுவும் பழகின முகத்துக்காக.

இப்போது அந்தக் காசு எங்கள் வீட்டுப் பூசை அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பது லட்சுமி என்று மாமியார் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அதற்குப் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைக்கிறாள்.